நானூற்றொன்றும் முந்நூற்றொன்றும்

1930-ஆம் ஆண்டில் நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற பேஸ்பால் அணியின் பில் டெரி, கணக்கில் சேர்ந்த 633 வாய்ப்புகளில் 254 முறை பந்தை அடித்துத் தளம் சேர்ந்து, 0.401 என்ற சராசரியை எட்டினார். அதன்பின் நேஷனல் லீக்கில் 0.400-ஐத் தொட்டவர் இன்றளவும் எவருமில்லை. 1968-இல் அமெரிக்கன் லீக்கில் மிக உயர்ந்த சராசரிக்கான மட்டைப் பட்டத்தை வென்ற பாஸ்டன் ரெட் சாக்ஸின் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி பெற்றதோ 0.301 மட்டுமே, அவ்வளவு சிறிய எண்ணோடு அந்த லீக்கில் அப்பட்டத்தைப் பெற்றவர் வேறொருவர் இல்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, முன்னவர் மேதையென்றும் பின்னவர் அதிருஷ்டசாலியென்றும் தீர்ப்புச் சொல்வோர் பலர். அந்தத் தீர்ப்பு பெரிய அநியாயம் என்பது என் கருத்து.

முதலில் இந்த எண்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் 1824-இல் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா சென்று புரூக்ளினில் வாழ்ந்த ஹென்றி சாட்விக், கிரிக்கெட் ஆட்டங்களைப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பழகியவர். ஆட்டத்தை எண்களில் பதிந்து வைக்கும் அந்த விளையாட்டின் சம்பிரதாயத்தை பேஸ்பாலில் வேரூன்றச் செய்தவர்களில் தலையாயவர் அவரே. ஆட்டக்காரரின் தகுதியை ரசிகர்களின் ஆரவாரத்திலிருந்து மீட்டுக் கணக்கின் முன் நிறுத்திய அப்பெரியவருக்கு பேஸ்பால் என்றும் கடன்பட்டது. ஆனால் கணக்கின் விதிகளோ ஒரு நிலையில் நிற்கவில்லை. 1887-இல், எறிபவர் தவறாக வீசிய பந்துகளால் இலவசமாகக் கிடைத்த தளங்களும் அடிகளாகவே எண்ணப்பட்டுச் சராசரிகள் வீங்கின. மறு ஆண்டே அவ்விதி கைவிடப்பட்டது.

டெரியின் 1930, மட்டையாளர்களின் பொற்காலம். அவ்வாண்டில் நேஷனல் லீக் முழுவதன் சராசரியே 0.303, பிலடெல்பியா பில்லீஸ் அணி 0.315 அடித்தும் 102 ஆட்டங்களில் தோற்றுக் கடைசி ஸ்தானத்தில் கிடந்தது என்றால், அடிகள் எவ்வளவு மலிந்து கிடந்தன என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஓடுபவரை அடுத்த தளத்துக்கு நகர்த்திய உயரமான அடி பிடிபட்டாலும், அந்த முறையை மட்டையாளரின் கணக்கில் சேர்க்காமல் விட்ட விதி அக்காலத்தில் இருந்ததும் எண்களுக்கு அனுகூலமாயிற்று. அவ்விதி மறு ஆண்டே நீக்கப்பட்டது.

1968-இன் நிலைமை இதற்கு நேர்விரோதமானது. மட்டையாளர் அடிக்காவிட்டாலும் வீச்சு செல்லும் என்று கொள்ளப்படும் ஸ்டிரைக் எல்லை 1963-இல் விரிவாக்கப்பட்டிருந்தது; எறிபவரோ 15 அங்குல மேட்டில் நின்று கீழ்நோக்கி வீசினார். அமெரிக்கன் லீக்கின் சராசரி 0.230-க்கு இறங்கிவிட, நிர்வாகிகளே கலங்கி, அடுத்த ஆண்டில் மேட்டை 10 அங்குலமாகத் தாழ்த்தி எல்லையையும் சுருக்கினார்கள்.

இனி வகுத்துப் பார்ப்போம். டெரி தம் காலத்துச் சராசரியைவிட ஏறக்குறைய 32 சதவிகிதம் உயர்ந்து நின்றார். யாஸ்ட்ரெம்ஸ்கி தம் காலத்தைவிட 31 சதவிகிதம். நூறு புள்ளிகளாகக் கண்ணை மிரட்டிய வித்தியாசம் ஒரு சதவிகிதமாகச் சுருங்கிவிட்டது!

இத்தகைய ஒப்பீட்டை முறையான சாஸ்திரமாக்கி, பரவலாக அறியச் செய்தவர்கள் ஜான் தார்னும் பீட் பாமரும்; 1984-இல் வெளிவந்த அவர்களுடைய நூல், தளம் சேரும் திறனையும் அடியின் வலிமையையும் லீக்கின் சராசரியோடு ஒப்பிட்டு, மைதானத்தின் சாதகபாதகங்களையும் கழித்து, சராசரி ஆட்டக்காரரை 100 என்று வைத்து மற்றவரை அளந்தது. அடிக்கு ஏற்ற ஃபென்வே மைதானத்தில் ஆடியவர் என்று யாஸ்ட்ரெம்ஸ்கியின்மேல் சொல்லத்தக்க ஆட்சேபத்துக்கும் அதில் விடை உண்டு. பழைய சராசரி கண்டுகொள்ளாத இன்னொன்றையும் இந்த அளவை சேர்த்துக்கொள்கிறது: அவ்வாண்டில் அவர் பொறுமையாக நின்று 119 முறை இலவசத் தளம் பெற்று லீக்கிலேயே முதல்வராக இருந்தார், டெரி பெற்றவை அதில் பாதிகூட இல்லை. அந்தப் பொறுமையையும் எடைபோட்டால், 0.301 அடித்தவரின் ஆண்டையே 0.401 அடித்தவரின் ஆண்டுக்கு மேலாக நான் வைப்பேன்.