உண்டியின் அளவும் ஒற்றியூர் மரபும்

சைவ நன்மக்கள் உடம்பைப் பொருட்படுத்தாதவரென்றும், நோன்பும் பட்டினியுமே அவர்தம் ஒழுக்கமென்றும் கூறுவார் சிலருளர். அக்கூற்றுச் சமய நூற்கருத்தோடு பொருந்துவதன்று. தனு கரண புவன போகங்களை இறைவன் உயிர்கட்குக் கூட்டியது ஆணவ மலத்தின் வலி கெடுத்தற்பொருட்டென்பது சித்தாந்தத் துணிபு. கருவி பழுதுபடின் அதனால் முடிக்கற்பாலதாய வினையும் முடியாது. இதுபற்றியே திருமூல நாயனார் மூன்றாந் தந்திரத்துட் காயசித்தி உபாயம் என ஒரு பகுதியை வகுத்து, உடம்பை ஓம்புமாற்றை அருளிச் செய்தனர். திருவள்ளுவனாரும் மருந்தென்னும் அதிகாரத்துப் பத்துக் குறளுள் ஆறு குறளை உண்டியின் அளவும் காலமும் கூறுதற்கே ஒதுக்கினர். ஆகவே, ஈண்டு ஆராயத்தக்கது எவ்வளவு உண்பது, எப்பொழுது உண்பது, யார்க்கு அளவு வகுப்பது என்னும் வினாவேயாம். இதற்கு விடை காண்டற்குச் சென்னையின் வடபாலுள்ள திருவொற்றியூரும் அதனையடுத்த இராயபுரமும் நல்ல வரலாற்றுக் களங்களாக அமைந்துள்ளன.

திருவொற்றியூர் மூவர் முதலிகளின் பாடல்பெற்ற பழம்பதி. பத்தாம் நூற்றாண்டில் இங்குச் சிறந்த மடமொன்று விளங்கிற்று. சோழ இளவரசனாகிய இராசாதித்தனுக்கு உற்ற துணைவனாயிருந்த வல்லபன் என்பான், அவ்விளவரசன் 949-ஆம் ஆண்டு தக்கோலப் போரில் யானைமேல் துஞ்சியபின், உடனிருந்து உயிர்விடாமைக்கு வருந்தித் துறவு பூண்டு, இம்மடத்தின் தலைமை எய்திச் சதுரானன பண்டிதர் என விளங்கினமையை இக்கோயிற் கல்வெட்டொன்று கூறும். போர்க்களத்தினின்றும் வந்த அவர் இறைவழிபாட்டுக்குப் பொன்வைத்த செய்தியும் அதனுட் காணப்படும்.

சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்களைப் பயில்வார்க்கு ஒன்று தெற்றென விளங்கும். திருவமுதுக்கு அரிசி இத்துணை நாழி, நெய் இத்துணை ஆழாக்கு, தயிர் இத்துணை உரி, பருப்பும் மிளகும் இத்துணை என்று அவை அளவிட்டே கூறுகின்றன. அடியார்க்கு அமுது செய்விக்கும் அறக்கட்டளைகளிலும் தலைக்கு இத்துணை என்னும் கணக்குண்டு. அள்ளி இறைத்தலை அறமென நம் முன்னோர் கருதிற்றிலர். நாடோறும் குறைவின்றி நடத்தற்கு அளவு இன்றியமையாததென அறிந்திருந்தனர்.

இவ்வூர்த் திருவிழாக்களும் இதனையே உணர்த்துவன. மாசிப் பெருவிழாவில், சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலியாரை மணந்த நிகழ்ச்சி மகிழடி சேவையாக நடைபெறும். அதே மாசித் திங்களில், ஊணும் உறக்கமும் ஒழித்து நாற்சாமமும் வழிபடும் சிவராத்திரியும் வருகின்றது. புற்று வடிவினராகிய ஆதிபுரீசுவரர் கவசமின்றிக் காட்சி தருவது ஆண்டில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்களே. அக்காலமும் சோமவார விரதத்திற்குரிய காலமாம். ஆக, விருந்தும் விரதமும் ஒரே திங்களில் அருகருகே நிற்குமாறு சான்றோர் அமைத்தனர். ஒன்றன் மிகையை மற்றொன்று நேர் செய்யுமென்பது அவ்வமைப்பின் பயனென்னலாம்.

ஆயினும் வழக்கத்தில் நிகழ்ந்தது வேறு. பலகாரம் என்னுஞ் சொல்லே இதற்குச் சான்று பகரும். பழவுணவு எனப் பொருள்படும் பலாகாரம் என்னும் வடசொல்லே பலகாரமாயிற்று. விரத நாளிற் சோறு நீக்கிக் கனியுண்டு வயிற்றுக்கு ஓய்வளித்தலே அதன் பழம்பொருள். நாளடைவில் அச்சொல் நெய்யிலும் எண்ணெயிலும் பொரித்த பண்டங்கட்கெல்லாம் பெயராகி, விரத நாளே வயிறு மிகவும் உழைக்கும் நாளாக முடிந்தது. பகலெல்லாம் பசித்திருந்து இரவில் இரட்டிப்பாக உண்பதும், சிவராத்திரியின் மறுநாட் பாரணையில் இழந்ததற்கு ஈடுசெய்வார்போல் உண்பதும் விரதமாகா. அவை பசியைத் தள்ளிவைத்தலேயன்றி அவாவை வென்றதாகா.

மிகையின் தீங்கு இதுவாயின், குறைவின் கொடுமையையும் இப்பகுதி நன்கு அறியும். ஐதர் அலியின் படையெடுப்பால் கருநாடக நாட்டு ஊர்கள் பாழ்பட்டுப் பஞ்சம் பரவியபோது, 1782-ஆம் ஆண்டில் இராயபுரத்தை அடுத்து மணியகாரர் சத்திரம் தோன்றியது. பசித்து வந்தார்க்கு அங்குக் கஞ்சி வார்க்கப்பட்டமையின் மக்கள் அவ்விடத்தைக் கஞ்சித்தொட்டி என்றனர். பசியால் வந்தவர் பிணியோடும் வந்தனர் ஆகலின், 1799-ஆம் ஆண்டில் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவரால் மருத்துவப் பணியும் அங்குத் தொடங்கலாயிற்று. 1910-ஆம் ஆண்டில் அரசாங்கம் அதனை ஏற்றது. பின்னர் அது ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. 1938-இல் மருத்துவக் கல்லூரியும் ஆயிற்று. பெயர் மாறியும் முதியோர் வாயில் அது நெடுங்காலம் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியாகவே வழங்கிற்று. உணவு கொடுத்த இடமே மருந்து கொடுக்கும் இடமாக மலர்ந்த இவ்வரலாறு நினைவிற் கொள்ளத்தக்கது.

1876-இல் தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில், எவ்வளவு உணவு வேண்டுமென்னும் வினா அரசாங்கத்தின் முன்னும் எழுந்தது. சென்னைக் கடற்கரையில் கப்பல்களினின்றும் இறக்கிய தானியம் குவிந்து கிடக்க, பட்டினியால் நலிந்தோர் நாட்டுப்புறங்களினின்றும் நகர்நோக்கித் திரள் திரளாக வந்தனர். அரசப் பிரதிநிதியாகிய லிட்டன் பிரபுவால் அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாக் காசும் போதுமெனக் குறைத்து விதித்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையாளராயிருந்த டாக்டர் கார்னிஷ் இதனை வன்மையாக மறுத்தார். உழைக்கும் உடம்பு அவ்வளவிற் பிழைத்திராது. தானியம் ஒன்றரை இராத்தலேனும் வேண்டும். அதனோடு பருப்பும் காய்கறியும் சேர்தல் வேண்டுமென்பது அவர் வாதம். அவ்வாண்டிலேயே சென்னை அரசாங்கம் அக்கூலியை உயர்த்தியது. அதற்குள் மடிந்தோர் பலர்.

இவ்விருவர் வழக்கினின்றும் அறியத்தக்கது யாது? வயிறு நிறைந்தவர் ஒருவர், கருவூலத்தின் செலவை நோக்கிப் பிறர் வயிற்றுக்கு அளவு வகுத்தார். மற்றவர் உடம்பின் தேவையை நோக்கி அளவு வகுத்தார். தானியம் மட்டும் போதாது, பருப்பும் கறியும் வேண்டுமென்று மருத்துவர் கூறியது, பண்டைக் கல்வெட்டுக்களில் அரிசியோடு பருப்பும் நெய்யும் தயிரும் மிளகும் வரிசையாக நிற்றலை நினைப்பிக்கின்றது.

இப்பஞ்சத்திற்குச் சிறிது முன்னரே இவ்வினாவுக்கு வாழ்ந்து விடை காட்டியவர் இராமலிங்க அடிகள். 1823-ஆம் ஆண்டு மருதூரிற் பிறந்த அடிகள் இளமையிலேயே சென்னைக்கு வந்து, ஏழுகிணற்றுப் பகுதியில் தமையனார் வீட்டில் வளர்ந்தனர். 1858-ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னையை விட்டு நீங்குமளவும் திருவொற்றியூர் வழிபாடே அவர்தம் வாழ்வின் நடுவிடமாக இருந்தது. வடிவுடை மாணிக்க மாலையும் எழுத்தறியும் பெருமான் மாலையும் இத்தலத்தைப் பற்றியனவே. ஒருநாள் ஒற்றியூரினின்றும் இரவு வெகுநேரங் கழித்துத் திரும்பிய அடிகள், தாழிட்ட வீட்டாரை எழுப்ப மனமின்றித் திண்ணையிற் பசியோடு படுத்திருப்ப, வடிவுடையம்மையே அண்ணியார் வடிவில் வந்து அமுதளித்தனள் என அவர் வரலாறு கூறுவர். பசித்தவன் சொல்லாமலே அவன் பசியை அறிந்து ஊட்டுதல் தாயின் இயல்பென்பது அவ்வரலாற்றின் உட்கிடை.

அடிகளின் பாடல்கள்பற்றிப் பிற்காலத்தெழுந்த வாதப் பிரதிவாதங்கள் ஈண்டு எடுத்துக்கொள்ளற்பாலன அல்ல. அவர் அன்பர் பொருட்டு அருளிய நித்திய கரும விதி என்னும் உரைநடையோ எவர்க்கும் உடன்பாடானது. கதிரவன் தோன்றுமுன் எழுதல், திருநீறணிந்து சிறிது நேரம் தியானத்திருத்தல், சற்றே உலாவுதல், கரிசலாங்கண்ணி தூதுவளை முசுமுசுக்கை என்னும் இலைகளோடு சீரகஞ் சேர்ந்த சூரணத்தைப் பாலிற் காய்ச்சி உட்கொள்ளல் என அன்றாட ஒழுக்கம் அதனுள் முறையாகக் கூறப்படுகின்றது. பசி தோன்றியவுடன் உண்ணல் வேண்டும், மிக விரைந்தும் மிகத் தாழ்த்தும் உண்ணலாகாது, கொள்ளும் அளவு சிறிது குறையினும் குற்றமில்லை, மிகுதல் கூடாது, புளியும் மிளகாயும் சுருங்கி, மிளகும் சீரகமும் மிகுதல் நன்று, முன்னாட் கறிகள் ஆகா, வெந்நீரே பருகுதல் வேண்டும், பகலுறக்கம் தகாது, இரவில் இடப்பக்கஞ் சாய்ந்து துயிலல் வேண்டும் என்பன அதன் சுருக்கம். அச்சமும் கோபமும் உடம்பை அழிப்பன என்பதும் அங்குக் கூறப்பட்டது. நோன்பின் பெயரால் உடம்பை ஒறுக்குமாறு அவர் விதித்திலர் என்பது உற்றுநோக்கற்பாலது.

தம்பாலும் தம் அன்பர்பாலும் ஒரு பிடியேனும் மிகாதவாறு அளவு வகுத்த அவ்வடிகளே, 1867 மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினர். ஆண்டு மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது அன்னம் வழங்கி வருகின்றது. அங்குச் சாதி சமயம் வினவுவாரிலர். பசித்தவர் என்பதே தகுதி. பசியால் உடம்பும் கரணங்களும் படிப்படியாகத் தளருமாற்றைச் சீவகாருணிய ஒழுக்கத்துள் அவர் விரித்துரைத்தது, நோயை அருகிருந்து கண்ட மருத்துவர் உரைபோன்றது.

எனவே இம்மரபினின்றும் பெறப்படும் முடிபு ஒன்றுண்டு. அளவு என்பது முதற்கண் தன் வயிற்றுக்கு வகுத்துக்கொள்வது. பிறர் பசிக்கு முன் நிற்பது நிறைவு. இதனை மாற்றித் தனக்கு நிறைவும் பிறர்க்கு அளவும் வைப்பின், ஒருபால் நோயும் ஒருபால் பஞ்சமும் விளையும்.

இக்காலத்து எண்ணூரும் திருவொற்றியூரும் ஆலைகள் நிறைந்த ஊர்களாயின. துறைமுகத்திலும் ஆலையிலும் முறைமாற்றி இரவும் பகலும் வேலை செய்வார்க்கு உண்ணுங் காலமும் உறங்குங் காலமும் நிலைபெறுதல் அரிது. கஞ்சிக்கு வரிசை நின்ற இடத்தருகே, இன்று மிகையுணவாலும் உழைப்பின்மையாலும் வந்த நீரிழிவுக்கு மருந்து வேண்டி வரிசை நிற்கின்றனர். இந்நிலையிற் பழைய ஒழுக்கம் பழங்கதையாய் ஒழியற்பாலதன்று. வேலைமுறை எதுவாயினும் முன்னுண்டது அற்றபின் உண்ணலும், வயிற்றிற் சிறிது இடம் வைத்தெழுதலும், நாடோறும் உலாவுதலும் எவர்க்கும் இயலுவன. திருக்கோயிலை வலம்வருதலும் உலாவுதலேயாம். பதிகத்தை வாய்விட்டு ஓதிக்கொண்டே வலம்வருவார்க்கு உடம்பும் உள்ளமும் ஒருங்கே பயன்பெறும்.

விழா நாட்களில் விருந்தை வெறுத்தொதுக்க வேண்டுவதில்லை. இறைவனுக்குப் படைத்த பொங்கலையும் திருவாதிரைக் களியையும் பிரசாத அளவிற் கொண்டு, எஞ்சியதை அண்டை அயலார்க்கும் வறியார்க்கும் பகிர்ந்தளிப்பின், விழா முடிந்தபின் உடம்பு நோவதில்லை. விரத நாட்களிற் பலகாரம் என்னுஞ் சொல்லுக்கு அதன் பழம்பொருளை மீட்டுக் கொடுத்துக் கனியும் பாலும் கொண்டு, மறுநாட் பாரணையை எளிய உணவால் முடித்தல் தகும். முதியோரும் நோயுற்றோரும் கருவுற்ற மகளிரும் மருத்துவர் சொற்கடந்து பட்டினி கிடத்தல் விரதமாகாது. அவர்க்கு வழிபாடே விரதம். விரதத்தால் மிஞ்சிய அரிசி பசித்தார் ஒருவர் இலைக்குச் சென்று சேருமாயின், அவ்விரதம் முற்றிற்று எனக் கொள்க.