ஆவணங்களின் கதவுக்கு யார் காவல்? அப்பாச்சி வழங்கியில் கடவுச்சொல் ஒழுங்கு

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தந்த வாக்குமூலங்கள், காணி உறுதிகளின் பிரதிகள், படங்கள் எனப் பலவும் இன்று கணினி வழங்கிகளில் இருக்கின்றன. தவறான ஒருவர் அவற்றைத் திறந்தால், சாட்சி சொன்னவரின் வீட்டு வாசலுக்கே ஆபத்து வரும். இவற்றை அப்பாச்சி வழங்கியில் வைத்திருப்போருக்காக இதை எழுதுகிறேன்.

வழமையாக ஒவ்வொரு அடைவுக்கும் கடவுச்சொற் கோப்பொன்றைத் தனித்தனியாக வைப்பார்கள். தொண்டர் ஒருவர் விலகினால் நான்கு கோப்புகளில் அவர் பெயரை நீக்கி, ஐந்தாவதை மறந்துவிடுவார்கள்.

இதற்கு 'ஓத்என் புரொவைடர் அலயஸ்' என்ற கட்டளை உதவும். அதன் தலைப்பில் முதலில் அடிப்படை முறை (ஃபைல், டிபிடி, எல்டாப் போன்றவை), அடுத்து நீங்கள் சூட்டும் பெயர். உள்ளே கோப்பின் பாதை. ஆசிரியபீடத்துக்கு ஒன்று, ஆவணக் காப்பாளருக்கு ஒன்று என ஒருமுறை எழுதிவிட்டு, அடைவுகளில் 'ஓத் பேசிக் புரொவைடர்' வரியில் அந்தப் பெயரை மட்டும் குறித்தால் போதும். வழங்கியின் பொது அமைவில்தான் இதை எழுதலாம். அடைவுப் பகுதிக்குள் எழுதினால் ஏற்காது. 2.2 பதிப்பில் இதற்குத் தனிக்கூறு இருந்தது. 2012இல் வந்த 2.4இல் அது 'மொட் ஓத்என் கோர்' கூறோடு சேர்ந்துவிட்டது. பழைய வழிகாட்டிகளை நம்பித் தேடி அலைய வேண்டாம்.

ஒரே வரியில் இரண்டு பெயர்களையும் அடுக்கலாம். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வழங்கி வரிசைப்படி பயனர் பெயரைத் தேடும். பெயர் அகப்பட்ட முதல் கோப்பே கடவுச்சொல்லைத் தீர்மானிக்கும். அங்கே பிழைத்தால் அடுத்த கோப்புக்குப் போகாது. ஆனால் முதற்கோப்பிலிருந்து நீக்கப்பட்டவரின் பெயர் இரண்டாவதில் எஞ்சியிருந்தால், அதன் கடவுச்சொல்லோடு அவர் தாராளமாக உள்ளே வரலாம். ஆகவே ஒருவர் பெயர் ஒரு கோப்பில் மட்டும் இருக்கட்டும்.

வாக்குமூல அடைவுக்கு வரிசையே வைக்காதீர்கள் என்பேன். காப்பாளர் கோப்பு மட்டும். 'றிக்குவயர் வலிட் யூசர்' என்று எழுதினால், அடுக்கிய எந்தக் கோப்பில் இருப்பவரும் நுழையலாம் என்பது பொருள்.

கடவுச்சொற் கோப்பை இணையத்தில் தெரியும் அடைவுக்கு வெளியே வையுங்கள். எச்ரிபாஸ்வேர்ட் கருவியில் பெரிய எழுத்து 'பி' தெரிவைக் கொடுத்தால் பிகிரிப்ட் முறையில் சேமிக்கும். சிறிய எழுத்து 'சி' தெரிவு புதிய கோப்பை உருவாக்குவதற்கு. இருக்கும் கோப்பின்மேல் கொடுத்தால் பழைய பெயர்கள் அத்தனையும் போய்விடும். பேசிக் முறை கடவுச்சொல்லை மறைகுறியாக்காமலே அனுப்புவதால், எச்ரிரிபிஎஸ் இல்லாமல் இதில் எதையும் செய்யவேண்டாம். பெயரை நீக்கியபின் வழங்கியை மீளத் தொடக்கத் தேவையில்லை. அடுத்த கோரிக்கையிலேயே கதவு மூடிவிடும்.