படப்பெட்டி வந்த வழி

1950களின் தொடக்கத்தில் ஒரு திரைப்பட விழாவில் எஸ். பாலசந்தர் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமான்’ பார்த்தார். ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் அந்தப் படம் அவரை விடவேயில்லை. 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் அவர் இயக்கிய ‘அந்த நாள்’ வந்தது. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுகிறார். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து நமக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் செய்தியைத்தான். அடி அண்ணாமலையில் கூடும் நம் திரைப்பட வட்டத்தின் முன்கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

விழா வரும் வரை காத்திராமல் இப்படிப்பட்ட படங்களைப் பார்க்க வழி செய்தவை திரைப்படச் சங்கங்கள். 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ‘பதேர் பாஞ்சாலி’ வர இன்னும் 8 ஆண்டுகள் இருந்தன. அதாவது ராய் முதலில் சங்கக்காரர், பிறகுதான் இயக்குநர். 1959இல் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவானபோது அவரே தலைவர். கூட்டமைப்பைத் தொடங்கிய சங்கங்களில் சென்னையும் ஒன்று. அதன் சார்பில் அம்மு சுவாமிநாதன் துணைத் தலைவரானார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர், கேப்டன் லட்சுமியின் தாயார். அவர் பெயரைத் தமிழ் சினிமா வரலாற்றில் இன்னும் பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும்.

பிறகு பிற ஊர்களிலும் சங்கங்கள் வந்தன. கோவையில் ‘கோணங்கள்’, மதுரையில் ‘யதார்த்தா’. எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே நடைமுறை: உறுப்பினர் சந்தா, வாடகைக்கு ஒரு கூடம், படம் முடிந்ததும் பேச்சு.

படச்சுருள் காலத்தைப் பார்க்காத இளைஞர்களுக்காக ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 16 எம்.எம். படம் தகரப் பெட்டியில் வரும். பெரிய ரீல் ஒன்று முக்கால் மணி நேரம் ஓடும். ‘பதேர் பாஞ்சாலி’க்கு மூன்று ரீல். ஒன்று முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் டீ. சப்டைட்டில் ஆங்கிலத்தில் இருக்கும், எனவே ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். அடி அண்ணாமலையில் பௌர்ணமியன்று மட்டும் படம் கிடையாது. கிரிவலக் கூட்டத்தில் பெட்டியும் வராது, ஆளும் வர முடியாது.

‘பதேர் பாஞ்சாலி’யில் மகள் துர்க்கா இறந்தது தெரியாமல் அப்பா ஊர் திரும்புகிறார். மகளுக்கென்று வாங்கி வந்த புடவையை எடுத்து நீட்டுகிறார். தாய் அதை வாங்கி வாயில் அழுத்திக்கொண்டு உடைந்து அழுகிறாள். அழுகைச் சத்தம் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் ரவிசங்கரின் இசையில் தார் ஷெனாய் என்ற வில்வாத்தியம் ஓங்கி ஒலிக்கிறது. எங்கள் திரையிடலில் முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி, “வாயத் தொறந்து அழுவுறா, சத்தமே வரலியே, மிசின் கெட்டுப்போச்சா?” என்று கேட்டார். இயக்குநர் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார் என்று விளக்கினார்கள். “அப்ப நாயனம்தான் அழுவுதா” என்றார் அவர். ராயைப் பற்றி நான் படித்த விமர்சனங்களில் இதைவிடச் சரியான வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’, ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ போன்ற படங்களும் இத்தகைய கூடங்களில்தான் தங்கள் பார்வையாளர்களைக் கண்டுகொண்டன. ‘கழுதை’ 1977ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. திரைக்கதை வெங்கட் சாமிநாதன். பிற்பாடு ஜான் கேரளத்தில் நண்பர்களோடு ‘ஒடேசா’ அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகச் சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைத் திரையிட்டு, மக்களிடம் பணம் திரட்டி ‘அம்மா அறியான்’ எடுத்தார். பார்ப்பவர்களே தயாரிப்பாளரானார்கள்.

மனசை உறுத்தும் ஒரு விஷயத்தை இந்த மலரிலாவது பதிவு செய்ய வேண்டும். பாலு மகேந்திராவின் ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ இரண்டின் நெகடிவும் அழிந்துபோயின. அதை அவரே வேதனையோடு சொல்லி, தமிழ்நாட்டில் ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று 2014இல் மறையும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ என்ற மௌனப்படமும் இன்று இல்லை. புனேயில் 1964இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும், அதற்காக அலைந்து திரிந்து பிரதிகளைச் சேர்த்த பி.கே. நாயரும் இல்லையென்றால் இன்னும் எத்தனையோ போயிருக்கும். பாலு மகேந்திரா கேட்ட காப்பகம் தமிழ்நாட்டில் அமைய வேண்டும் என்று, நம்மைப் போன்ற வட்டங்கள் எல்லாம் ஒன்றாகக் கையெழுத்திட்டு அரசிடம் கேட்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். ஆண்டுக் கூட்டத்தில் இதை முதல் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன்.

நம் வட்டத்தின் விழாவன்று ‘வீடு’ திரையிடுகிறோம். கிடைக்கும் பிரதி அவ்வளவு துல்லியமாக இருக்காது. அர்ச்சனாவின் முகமும் சொக்கலிங்க பாகவதரின் நடையும் அதிலும் தெரியும். மாலை 5 மணிக்கே தொடங்கிவிடுகிறோம், திருவண்ணாமலைக்குத் திரும்ப வேண்டியவர்களும் இருந்து பேசிவிட்டுப் போகலாம்.