சொல்லின்றி வாழும் இசை

கனமூலையை உள்ளடக்கிய புத்தள மாவட்டத்திலே, சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழியினர் மஞ்சாப் பாடல்களைப் பேணி வருகின்றனர். அவற்றின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி வழக்கருகிப் பொருளறிவோர் குறைந்தனர், இசை அழிந்திலது.

சொல்லின்றியும் இசை வாழும் என்பதற்கு மேனாட்டு வரலாறும் சான்று பகரும். அமெரிக்காவின் டகோமா நகரிலே கட்டடத் தொழில் புரிந்த டொன் வில்சன், பொப் போகிள் இருவரும் அடகுக் கடையில் வாங்கிய கிற்றார்களிற் பயின்றனர். பின்னர் 'வெஞ்சர்ஸ்' குழுவினராயினர். இசைத்தட்டு நிறுவனத்தார் மறுக்கவே, வில்சனின் அன்னையின் துணையோடு, ஜொனி சிமித் இயற்றிய 'வோக் டோன்ட் றன்' என்னும் இசையை 1960இல் வெளியிட்டனர். அது அமெரிக்க விற்பனை வரிசையில் இரண்டாம் இடம் எய்தியது. அவ்வாண்டிலேயே அப்பெயரால் நீளிசைத்தட்டும் தோன்றியது.

இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ளலாகாது. வெஞ்சர்ஸ் குழுவினர் சொல்லைத் தாமே விடுத்தனர். சிரம்பியடியார் அதனை இழந்தனர்.