தூதரின் உயிர் ஓர் அமானிதம்: அயல்நாட்டுத் தூதரகங்களும் அரசின் கடமையும்

ஏதோ ஒரு நாட்டில் அநீதி நடந்த செய்தி வந்ததும், அதற்குக் காரணமானவர்களின் தூதரகத்தை நோக்கி மக்கள் திரள்வதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். முழக்கம் எழுப்புவதும் மனு கொடுப்பதும் மக்களின் உரிமை. ஆனால் கூட்டத்தில் சிலர் சுவர் ஏறிக் குதித்து, உள்ளே இருப்பவர்கள் மீது கை வைத்துவிட்டால் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. அப்போது பதில் சொல்ல வேண்டியவர் யார்? சுவர் ஏறியவர் மட்டுமா, அந்த நாட்டின் அரசுமா? இதுபற்றிச் சர்வதேசச் சட்டமும் நமது மார்க்கமும் கூறுவதை இங்கே பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தூதரக உறவுகளுக்கு இன்று அடிப்படையாக இருப்பது 1961 ஏப்ரல் 18 அன்று வியன்னா நகரில் கையெழுத்தான உடன்படிக்கை. அது 1964இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சட்ட வலிமை தருவதற்காகவே இந்தியா 1972இல் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது.

இந்த உடன்படிக்கையின் 22வது பிரிவு, தூதரகம் அமைந்துள்ள நாட்டின் அரசு மீது இரண்டு கடமைகளைச் சுமத்துகிறது. முதலாவது, தூதரகத் தலைவரின் அனுமதி இல்லாமல் அரசின் காவலரோ அதிகாரியோ உள்ளே நுழையக் கூடாது. இரண்டாவது, வேறு எவரும் அத்துமீறி நுழையாமலும் சேதம் விளைவிக்காமலும் அரசு காக்க வேண்டும். 'நாங்கள் தாக்கவில்லை' என்று மட்டும் சொல்லி எந்த அரசும் தப்பிக்க முடியாது. தாக்க வந்தவர்களைத் தடுத்தாயா என்ற கேள்விக்கும் அது பதில் சொல்லியாக வேண்டும்.

29வது பிரிவு தூதரின் உடல், சுதந்திரம், கண்ணியம் ஆகிய மூன்றுக்கும் பாதுகாப்புத் தருகிறது. அவரைக் கைது செய்யக் கூடாது. இரு நாடுகளுக்கிடையே போர் மூண்டாலும், உறவே முறிந்தாலும் தூதரகக் கட்டடத்தையும் ஆவணங்களையும் மதித்துக் காக்க வேண்டும் என்கிறது 45வது பிரிவு.

தூதரகம் இருக்கும் நிலம் அந்த அயல்நாட்டுக்கே சொந்தமான மண் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மண் உள்ளூர் நாட்டுடையதுதான். அதற்குள் நுழையும் அதிகாரத்தைத்தான் அந்த அரசு விட்டுக்கொடுத்திருக்கிறது. தன் மண்ணில் இருப்பதாலேயே அதைக் காக்கும் பொறுப்பும் அந்த அரசைச் சேர்கிறது.

தூதருக்கும் கடமை உண்டு. உள்ளூர்ச் சட்டத்தை அவர் மதிக்க வேண்டும். உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக் கூடாது என்கிறது 41வது பிரிவு. மீறினால், காரணம்கூடச் சொல்லாமல் அவரை 'விரும்பத்தகாதவர்' என்று அறிவித்துத் திருப்பி அனுப்ப 9வது பிரிவு வழி தருகிறது.

நபிவழியில் தூதரின் பாதுகாப்பு

இவையெல்லாம் மேற்கத்திய நாடுகள் வகுத்த விதிகள், நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது.

தன்னையும் இறைத்தூதர் என்று பொய்யாக வாதிட்ட முஸைலமா, நபி (ஸல்) அவர்களிடம் இருவரைத் தூது அனுப்பினான். உங்கள் கருத்து என்ன என்று நபியவர்கள் கேட்டபோது, முஸைலமா சொல்வதையே நாங்களும் சொல்கிறோம் என்றார்கள் அவர்கள். மதீனாவின் தலைவர் முன் நின்று சொல்லப்பட்ட வார்த்தை அது. தூதர்களைக் கொல்லலாகாது என்ற நெறி மட்டும் இல்லையென்றால் அவர்களுக்கு மரண தண்டனை அளித்திருப்பேன் என்ற கருத்தில் பதிலளித்து, நபியவர்கள் அவர்களை விட்டுவிட்டார்கள்.

அபூராஃபிஉ (ரழி) அவர்களின் நிகழ்ச்சி இன்னும் நுட்பமானது. குறைஷிகளின் தூதராக மதீனா வந்த அவருடைய உள்ளத்தில் இஸ்லாம் இடம்பிடித்தது. இனித் திரும்பிப் போகமாட்டேன் என்றார். நபியவர்களோ, உடன்படிக்கையை முறிப்பதும் தூதரைத் தடுத்து வைப்பதும் தமது வழக்கமல்ல என்றும், திரும்பிச் சென்ற பிறகும் இதே எண்ணம் இருந்தால் வரலாம் என்றும் கூறினார்கள். அவர் சென்று, பிறகு வந்து இஸ்லாத்தை ஏற்றார். தாமாகவே தங்க விரும்பியவரைக்கூடத் தூது முடியும்வரை வைத்துக்கொள்ளவில்லை என்றால், பிணையாகப் பிடித்து வைப்பதற்கு இங்கே இடம் ஏது?

மறுபக்கமும் உண்டு. புஸ்ராவின் ஆட்சியாளருக்கு நபியவர்களின் கடிதத்தைக் கொண்டு சென்ற ஹாரிஸ் பின் உமைர் (ரழி) அவர்கள் வழியில் கஸ்ஸானியத் தலைவன் ஷுரஹ்பீலால் கொல்லப்பட்டார்கள். ஹிஜ்ரி 8இல் மூத்தா போருக்கு இதுவே காரணம் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். தூதரை இழந்த வேதனையை அறிந்த சமுதாயம் நாம்.

பின்னாளில் ஃபிக்ஹு அறிஞர்கள் இதை 'அமான்' என்ற பாதுகாப்பு உறுதிமொழியின் சட்டங்களில் விரிவாகப் பேசினர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் முஹம்மத் அஷ்ஷைபானி (ரஹ்) அவர்கள், நாடுகளுக்கிடையேயான உறவுகள் பற்றி 'ஸியர்' என்ற தனித் துறையிலேயே நூல் எழுதினார்கள்.

டெஹ்ரான் 1979

நவீன காலத்தில் இந்த நெறி கடும் சோதனைக்கு உள்ளானது ஈரானில்தான். 1979 நவம்பர் 4 அன்று டெஹ்ரானில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் கைப்பற்றினர். 52 பேர் 444 நாட்கள் பிணையாக வைக்கப்பட்டனர்.

ஈரானியரின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1953இல் பிரதமர் முஸத்திக்கின் ஆட்சியைக் கவிழ்த்ததில் அமெரிக்க உளவுத்துறைக்குப் பங்கு இருந்தது. நாட்டை விட்டு ஓடிய ஷாவைச் சிகிச்சைக்காக அமெரிக்கா ஏற்றுக்கொண்டதும் மக்களைக் கொதிப்படையச் செய்தது.

அமெரிக்கா சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1980 மே 24 அன்று வந்த தீர்ப்பு இரண்டு கட்டங்களைப் பிரித்துப் பார்த்தது. முதல் கட்டத்தில், நுழைந்தவர்கள் அரசின் ஆட்கள் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் உதவி கேட்டும் தடுக்காமல் விட்டது அரசின் குற்றம். அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்த தாக்குதலை அதே அரசு விரைந்து முடிவுக்குக் கொண்டுவந்திருந்ததால், இயலவில்லை என்று சொல்லவும் வழியில்லை. இரண்டாம் கட்டத்தில், ஆயத்துல்லாஹ் குமைனி அச்செயலை அங்கீகரித்ததால் அது அரசின் செயலாகவே ஆகிவிட்டது.

ஈரானின் குறைகள் உண்மையே ஆனாலும் அவற்றுக்குத் தூதரகச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தூதர்களை வெளியேற்றலாம், உறவையே முறிக்கலாம் என்றது நீதிமன்றம். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அமெரிக்கா ஏப்ரலில் இராணுவ மீட்பு முயற்சி செய்தது குறித்தும் அது கவலை தெரிவித்தது. நாம் மறக்கக் கூடாத இன்னொன்றும் அத்தீர்ப்பில் உள்ளது. தூதரின் பாதுகாப்பு என்ற நெறி வளர்ந்ததில் இஸ்லாமிய மரபுக்குக் கணிசமான பங்கு உண்டு என்று நீதிபதிகள் எழுதிவைத்தனர்.

அந்த நெருக்கடி நீடித்தபோதே, 1980 ஏப்ரல் 30 அன்று லண்டனில் இருந்த ஈரான் தூதரகத்தை ஆறு ஆயுததாரிகள் கைப்பற்றினர். வாசலில் காவல் நின்ற பிரிட்டிஷ் காவலரும் பிணையாளிகளில் ஒருவரானார். ஆறாம் நாள் பிரிட்டிஷ் சிறப்புப் படை உள்ளே புகுந்து அவர்களை மீட்டது. பிணையாளிகளில் இருவர் உயிரிழந்தனர். டெஹ்ரானில் மறுக்கப்பட்ட பாதுகாப்பு லண்டனில் ஈரானியருக்குத் தேவைப்பட்டது.

டெஹ்ரான் பிணையாளிகள் 1981 ஜனவரி 20 அன்று விடுதலையானார்கள். சமரசம் பேசி முடித்து வைத்தது அல்ஜீரியா என்ற முஸ்லிம் நாடு.

நமக்கான பாடம்

2024 ஏப்ரல் 1 அன்று டமாஸ்கஸில் ஈரான் தூதரக வளாகக் கட்டடம் ஒன்று வான்தாக்குதலில் தகர்ந்தது. அது இஸ்ரேலின் செயல் என்று ஈரானும் சிரியாவும் குற்றம் சாட்டின. நான்கு நாட்களில் ஈக்வடார் நாட்டின் காவல்துறை, அடைக்கலம் புகுந்திருந்த முன்னாள் துணை அதிபரைப் பிடிக்க மெக்சிகோவின் தூதரகத்துக்குள் புகுந்தது. மெக்சிகோ உறவை முறித்தது. இவற்றைத் தவறு என்று உரக்கச் சொல்ல வேண்டுமானால், நமக்குப் பிடிக்காத நாட்டின் தூதரகத்துக்கும் அதே அளவுகோலை நாம் ஏற்றாக வேண்டும்.

நம் ஊரும் இதற்கு விலக்கல்ல. நபியவர்களை இழிவுபடுத்தும் படத்தைக் கண்டித்து 2012 செப்டம்பரில் சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் போராட்டம் நடந்தபோது, சிலர் கல்லெறிந்தனர். நபியவர்கள் மீதுள்ள நேசத்தால் கூடிய இடத்தில், தூதருக்குத் தீங்கிழைக்கலாகாது என்ற அவர்களின் வழிமுறை மீறப்பட்டது.

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் கடவுச்சீட்டைத் தொலைத்தாலும், முதலாளியிடம் சிக்கினாலும் முதலில் தேடி ஓடுவது இந்தியத் தூதரகத்தை. அந்தக் கதவு பத்திரமாகத் திறந்திருக்க வேண்டுமானால், எல்லா நாடுகளிலும் எல்லாத் தூதரகங்களின் கதவுகளும் பத்திரமாக இருக்க வேண்டும். கண்டனம் தெரிவிப்போம், ஊர்வலம் போவோம், மனு கொடுப்போம். அமானிதமாக நம் மண்ணில் இருப்பவரைக் காப்பது அரசின் கடமை. அந்தக் கடமைக்கு இடையூறு செய்யாதிருப்பது நம் கடமை.