18 மாதக் காத்திருப்பு

எங்கள் பெரம்பலூர் 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அரியலூர் 2001-ல் பிரிந்து, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-ல் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. ஏறக்குறைய இதே காலத்தில்தான் எய்ட்ஸ் விளம்பரங்கள் நம்மூர்ச் சுவர்களில் ஏறின. புள்ளிராஜாவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நான் சுகாதாரத் துறையில் மருந்தாளுநர். அந்தச் சுவர்களில் எழுதப்படாத ஒன்றை, எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்மார்களின் மனக்கஷ்டத்தை, இங்கே எழுதி வைக்கிறேன்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். பல வருஷம் ஊர் அதை வேறு யாருக்கோ வரும் நோய் என்றே நினைத்திருந்தது. கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை வந்த பிறகுதான், கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்களிடமும் தொற்று இருப்பது தெரிந்தது.

சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால், தொற்றுள்ள தாய்மார்களுக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்கு அது பரவும். இதைத் தடுக்க 2002 முதல் அரசு நெவிரபின் கொடுத்தது. பிரசவ வலி எடுத்ததும் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்குச் சொட்டு மருந்து. எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றிய திட்டம் அது. ஆனால் அந்த மாத்திரை குழந்தைக்காகத்தான். தாயின் நோய்க்கு அது மருந்தல்ல.

அவள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வளைகாப்புக்கு நாள் பார்க்கும் நேரத்தில் முடிவு வருகிறது. வீட்டில் முதலில் ரத்தம் கொடுத்தவள் அவள். அதனாலேயே நோயைக் கொண்டுவந்தவளும் அவள்தான் என்று ஆகிவிடும். கணவர் பரிசோதனைக்கே வரமாட்டார்.

பிள்ளை பிறந்தாலும் நிம்மதி இல்லை. தாயின் எதிர்ப்பணுக்கள் குழந்தையின் ரத்தத்தில் ஒரு வருஷத்துக்கு மேலும் தங்கக்கூடும். அதனால் சாதாரணப் பரிசோதனையில் உறுதியான பதில் கிடைக்க 18 மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் வயிற்றுப்போக்கு வந்தாலும் "அதுவோ?" என்ற பயம். தாய்ப்பால் கொடுத்தால் தொற்றுப் பயம். கொடுக்காவிட்டால் "ஏன் கொடுக்கலை?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள்.

வேலூர் அருகே கிராமத்துப் பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2002-ல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் 100-க்கு 11 பேருக்கு மனச்சோர்வு நோய் புதிதாக வந்ததாக அது சொன்னது. அவர்கள் நம் வீட்டுப் பெண்களைப் போன்ற சாதாரணத் தாய்மார்கள். இதற்கு மேல் இப்படியொரு ரகசியத்தையும் சுமக்கிறவள் என்ன பாடுபடுவாள்?

அவள் வாய்விட்டு அழ இடம் கொடுத்தது ஆஸ்பத்திரியில் இருந்த நம்பிக்கை மையம்தான். அங்கிருந்த ஆலோசகர்கள் பலர் சொற்பச் சம்பளத்தில் வேலை பார்த்தவர்கள். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா தனக்குத் தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, 1998-ல் தம்மைப் போன்ற பெண்களுக்காகச் சென்னையில் ஓர் அமைப்பையே தொடங்கினார். அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது. கூட்டு மருந்து டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, மாத்திரைகளை இரும்புச்சத்து மாத்திரைக் கவருக்குள் மாற்றிக்கொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளூரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் பஸ் ஏறியவர்களும் உண்டு.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2004-ல் இலவசக் கூட்டு மருந்து தாம்பரம் போன்ற சில பெரிய ஆஸ்பத்திரிகளில் தொடங்கியது. 2014 முதல் தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஆயுள் முழுக்க மருந்து உண்டு. இப்போதுதான் மருந்து அவளுக்காகவும் ஆனது. குழந்தைக்கு ஆறாவது வாரத்திலேயே முதல் பரிசோதனை செய்கிறார்கள். சம்மதமில்லாமல் ஒருவருடைய தொற்றை வெளியில் சொல்வதை 2017-ல் வந்த சட்டம் தடை செய்கிறது.

ஆனால் அவள் மனதுக்கு மாத்திரை மட்டும் போதாது. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் நாம் எல்லோரும் பிள்ளையைத்தான் பார்க்கிறோம், பிள்ளையைப் பற்றித்தான் விசாரிக்கிறோம். நோய் இருக்கிறதோ இல்லையோ, "நீ சாப்பிட்டியாம்மா, தூங்கினியா?" என்று தாயையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் முகம் வாடியே இருந்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். காரணம் மட்டும் துருவிக் கேட்க வேண்டாம்.