செங்கல்பட்டு ஆய்வு: பி.சி.ஜி. உண்மையில் தோற்றதா?

"பி.சி.ஜி. ஊசி பிரயோஜனம் இல்லன்னு செங்கல்பட்டுலயே நிரூபிச்சுட்டாங்களே!" தடுப்பூசி பற்றிப் பேச்சு வந்தால் இந்த வாதம் இன்றும் வரும். பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் குழந்தைகளின் உயிர் இருக்கிறது.

முதலில் பழைய கதை. கால்மெட்டும் கெரானும் உருவாக்கிய பி.சி.ஜி.யை 1921இல் பாரிஸில் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துபோன மருந்தால் 70க்கும் மேற்பட்ட சிசுக்கள் இறந்தன. அந்தப் பயம் உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவில் 1948இல் கிண்டியில் பி.சி.ஜி. தயாரிப்புக்கூடம் வந்தது. பெரிய அளவில் ஊசி போடத் தொடங்கியபோது, 1955இல் ராஜாஜியே அதைப் பகிரங்கமாக எதிர்த்தார். ஊசி காக்கிறதா இல்லையா என்பதற்கு நம் மண்ணிலேயே விடை தேட வேண்டிய நிலை.

அதற்காக வந்ததுதான் இந்த ஆய்வு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து 1968இல் தொடங்கின. களம், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதி. காஞ்சிபுரமும் அப்போது அதே மாவட்டம்தான். சுமார் 3.6 லட்சம் மக்கள்தொகை. பிறந்து ஒரு மாதம் தாண்டியவர்களுக்கு பாரிஸ் வகை, டென்மார்க் வகை பி.சி.ஜி. அல்லது மருந்தில்லா ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 1971இல் ஊசி போடும் வேலை முடிந்தது.

1979இல் முதல் முடிவு வந்தது. ஏழரை ஆண்டு கண்காணிப்பில் நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பாதுகாப்பே தெரியவில்லை! 15 ஆண்டுக் கண்காணிப்பின் அறிக்கை 1999இல் வெளியானது. அதிலும் பெரியவர்களுக்குப் பலன் பூஜ்யம். குழந்தைகளுக்கு 27 சதவீதம். அதையும் தற்செயல் என்று ஒதுக்கிவிட இடமிருந்தது.

ஏன் இப்படி? அதிகம் பேசப்படும் விளக்கம் மண்ணிலும் நீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள். நம்ம ஊர்ல அவற்றோடு உடம்பு முன்னமே பழகிவிடுவதால், ஊசி கூடுதலாகச் செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை என்கிறார்கள். இன்றும் இது முழுசாகத் தீர்ந்த விவாதம் இல்லை.

சரி, மீதிப் பாதிக்கு வருவோம். அந்த ஆய்வு முக்கியமாக எண்ணியது, சளியில் கிருமி காட்டும் நுரையீரல் காசநோயை. சின்னக் குழந்தை சளி துப்பாது. அதற்கு வரும் ஆபத்தும் வேறு. கிருமி ரத்தத்தில் ஏறி உடம்பெங்கும் சிதறலாம், மூளையின் உறையில் போய் உட்காரலாம். இரண்டாவதுதான் காசநோய் மூளைக்காய்ச்சல். வாரக்கணக்கில் லேசான காய்ச்சல், எரிச்சல், வாந்தி, தூக்கக் கலக்கம், பிறகு மாறுகண், வலிப்பு. மூளையில் நீர் கோர்த்துக்கொண்டால் குழாய் வைத்து வடிக்க வேண்டிவரும். பிழைத்த பிள்ளைகளிலும் பலருக்குப் பார்வை, கேள்வி, படிப்பு பாதிக்கும். ஒரு வருஷம் மருந்து. நுரையீரல் காசநோயோடு ஒப்பிட்டால் அரிது; வந்தால் கொடூரம்.

இங்கேதான் பி.சி.ஜி. உதவுகிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2006இல் வெளியான மதிப்பீடு, சிசுவாக இருக்கும்போது போட்ட ஊசி குழந்தைப் பருவத்தின் காசநோய் மூளைக்காய்ச்சலில் சுமார் 73 சதவீதத்தைத் தடுக்கிறது என்றது. செங்கல்பட்டு கேட்ட கேள்வியே வேறு.

காஞ்சிபுரத்துத் தறி வீடுகளை நினைத்துப் பாருங்கள். தறி இருக்கும் கூடத்திலேயே சமையல், தூக்கம், பிள்ளை வளர்ப்பு. அப்படி ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் மாசக்கணக்கில் இருமினால், அந்தக் காற்றைத்தான் தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் சுவாசிக்கும். பெரியவரின் நோயை இந்த ஊசி தடுக்காது. அதற்குச் சளிப் பரிசோதனையும் முழு மருந்தும்தான் வழி. குழந்தையின் மூளையை ஓரளவு அது காக்கும்.

1978இல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் பி.சி.ஜி. இருந்தது. மறுவருஷமே செங்கல்பட்டு முடிவு வந்தும் அதை நீக்கவில்லை. பிடிவாதமா? இல்லை. பெரியவர்களைப் பற்றிய விடையை வைத்துச் சிசுவின் கணக்கை முடிக்கக் கூடாது என்ற நிதானம். இடது தோளில் இருக்கும் அந்தச் சின்னத் தழும்பு காசநோயே வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரு குறிப்பிட்ட வயதில், ஒரு குறிப்பிட்ட ஆபத்துக்கு எதிரான காவல். அதற்கே அது போதுமான காரணம்.